மழைக்கு எல்லை போட்டவள்

ஆண்டவரிடம் வேண்டிக்கொண்டவர்கள் கோடிப் பேர் இருப்பார்கள். அவருக்கே வழி சொல்லி, அடையாளம் சொல்லி, எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்றும் சொல்லி அனுப்பிவைத்தவள் எனக்குத் தெரிந்து ஒருத்திதான். ஞானஸ்நானத்தில் அவளுக்கு என்ன பெயர் வைத்தார்களோ, தியானத்துக்கு வந்திருந்த பாதிப் பேருக்குத் தெரியாது. 'மன்றாட்டு' என்றால்தான் தெரியும்.

2005 ஆகஸ்ட். சுதந்திர தினம் திங்கட்கிழமையில் விழுந்ததால், சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் இளையோர் தியானம் என்று எங்கள் கோயிலில் அறிவித்தார்கள். நான் அப்போது ப்ளஸ் ஒன் படிக்கிற பெண். பிரம்மதேசத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா குத்தகை நிலத்தில் மல்லாட்டை போட்டிருந்தார். வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். தியானத்துக்குப் போனால் எனக்கு ஞானம் வரும் என்று வீட்டில் யாரும் நம்பவில்லை. மூன்று நாள் சாப்பாடு போடுகிறார்களாம், போய்விட்டு வரட்டும் என்றுதான் அனுப்பினார்கள்.

தியான இல்லம் மரக்காணத்தில், உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவில் இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தபோது எனக்குத் தலை லேசாகச் சுற்றியது. பார்த்த இடமெல்லாம் பாத்தி பாத்தியாகத் தண்ணீர். அதில் வானம் மொத்தமும் படுத்துக் கிடந்தது. மேகம் தலைக்கு மேலேயும் போயிற்று, காலுக்குக் கீழேயும் போயிற்று. நடுநடுவே வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள். கிணற்றுத் தண்ணீரில் முகம் கழுவினால் கண் எரியும்; டீயைக் குடித்தால் கரிக்கும். அந்த மூன்று நாளும் இப்போது நினைத்தால் பாதித் தூக்கத்தில் பார்த்தது மாதிரியே இருக்கிறது.

முதல் நாள் பூசையில் ஃபாதர் சொன்னார்: "மன்றாட்டு நேரத்துல எழுதி வெச்சதைப் படிக்க வேணாம். மனசுல என்ன தோணுதோ, அதைக் கேளுங்க."

நாங்கள் நல்ல பிள்ளைகள். உலக சமாதானத்துக்காக ஒருத்தி, நோயாளிகளுக்காக ஒருத்தன் என்று எழுந்து எழுந்து உட்கார்ந்தோம். அப்புறம் அவள் எழுந்தாள். ஒல்லியான உடம்பு, ரெட்டைப் பின்னல், மைக்கே தேவைப்படாத குரல்.

"எங்க மாமா மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல சைக்கிள் கடை வெச்சிருக்கார். பச்சைக் கதவு. பக்கத்துலயே இன்னொரு சைக்கிள் கடை இருக்குது, அது வேற ஆளு, அங்க போயிடாதீங்க. எங்க மாமாவுக்கு இடுப்பு வலி. வலது பக்கம். அவருக்கு நல்ல சுகத்தைத் தர வேண்டுமென்று ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்!"

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சொல்வதற்குள் பாதிப் பேர் சிரித்துவிட்டோம். அவள் உட்காரவில்லை. கூனிமேட்டில் ஒரு பாய் வீட்டுக் கல்யாணம், பந்தல் போட்டாகிவிட்டது, காற்று அடிக்கக் கூடாது என்றாள். அதற்கும் கேட்டருளும் போட்டோம். கடைசியாக, உப்பளத்துக்கு நடுவில் குடியிருந்துகொண்டே மத்தியானச் சாம்பாரில் உப்புப் போட மறந்த சமையல்கார அண்ணனை மன்னிக்கும்படி கேட்டாள். பின்னாலிருந்து சிஸ்டர் அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

பூசை முடிந்ததும் ஃபாதர் புதுச் சட்டம் போட்டார். ஆளுக்கு ஒரு மன்றாட்டுதான். அவளும் தலையாட்டினாள். சாயங்கால ஜெபத்தில் திண்டிவனத்துப் பையன் ஒருவன், மீசை முளைத்தவன், எழுந்து நின்று தடுமாறினான். "எங்க... எங்க அத்தைக்கு முட்டி வலி..."

"பெரியத்தை!" என்று பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் திருத்தியது.

அப்போதுதான் விஷயம் புரிந்தது. மிச்சமிருந்த மன்றாட்டுகளை எல்லாம் அவள் ஊருக்கே பங்கு போட்டுக் கொடுத்திருந்தாள். அவளுடைய சின்னத்தை, பக்கத்து வீட்டுக் குழந்தை, கன்று போடாத பசு என்று வரிசையாக வந்தன. ஃபாதர் வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு இருமுவது போல நடித்தார்.

அந்தக் கூத்து அடங்கியதும் நான் எழுந்தேன். எனக்கும் கேட்க ஒன்று இருந்தது. மல்லாட்டை பூ விட்டு, விழுது மண்ணில் இறங்குகிற நேரம் அது. மண்ணோ காய்ந்து கல்லாகிக் கிடந்தது. இந்தப் போகம் போனால் என் படிப்பை நிறுத்தி, திருப்பூர் பனியன் கம்பெனிக்கு அனுப்புவதென்று வீட்டில் முடிவாகியிருந்தது. அதையெல்லாம் சபையில் சொல்ல வெட்கம். "எங்கள் ஊரில் நல்ல மழை பெய்ய வேண்டுமென்று..." என்று மட்டும் மெல்லச் சொன்னேன்.

"ஃபாதர், ஒரு நிமிஷம்!"

கோர்ட்டில் வக்கீல் எழுந்த மாதிரி மன்றாட்டு எழுந்து நின்றாள். "இவங்க மழை கேக்குறாங்க ஃபாதர். ஒரு மழை பேஞ்சா எங்க பாத்தியெல்லாம் போச்சு. எங்க அம்மா அப்பாவுக்குப் பத்து நாளைக்கு வேலை கெடையாது. இதுக்குப் போய் நான் எப்படிக் கேட்டருளும்னு சொல்றது?"

உப்பளத்துப் பிள்ளைகள் "ஆமா ஃபாதர்" என்றார்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் "அப்ப நாங்க எங்க போறது?" என்றார்கள். தியானம் பஞ்சாயத்து ஆயிற்று. ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டு பேருக்கும் எது நல்லதோ, அதை ஆண்டவர் செய்வாரும்மா."

"அது எப்படி ஃபாதர் முடியும்?" என்றவள், தானே யோசித்து, கண்ணை மூடிக்கொண்டாள். "ஆண்டவரே, கிழக்குக் கடற்கரைச் சாலை உமக்குத் தெரியும். ரோட்டுக்கு மேக்கால மழையும், கெழக்கால வெயிலும் தாங்க. நடு ரோட்டுல எது வேணா பேஞ்சிக்கட்டும். உம்மை மன்றாடுகிறோம்!"

கூரை அதிர அத்தனை பேரும் கேட்டருளும் என்றார்கள். எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது. என் பிழைப்பு இவளுக்கு விளையாட்டாகப் போயிற்றா என்று அவளோடு முகம் கொடுத்தே பேசவில்லை.

ஃபாதர் அதைக் கவனித்துவிட்டார் போல. மறுநாள் எம்மாவுஸ் நடை. சீடர்கள் இரண்டு பேர் எம்மாவுஸுக்குப் பேசிக்கொண்டே நடந்தபோது இயேசுவும் கூடவே நடந்தாரே, அதை நினைத்து இரண்டிரண்டு பேராக நடந்து மனம்விட்டுப் பேச வேண்டும். என்னை அவளோடு சேர்த்துவிட்டார்.

உப்பள வரப்பு ஒரு ஆள் நடக்கிற அகலம்தான். அவள் விடவில்லை. "நடுவுல அவரு வர்றாரு இல்ல? எடம் விட்டு நட" என்றாள். இயேசுவுக்கு இடம் விட்டு நடந்ததில் எனக்கு ஒரு கால் முழுக்கப் பாத்தித் தண்ணீரில். கோபமாக இருக்கத்தான் பார்த்தேன், சிரிப்பு வந்துவிட்டது.

தூரத்தில் கடல் தெரிந்தது. அவள் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை. "டிசம்பருக்கு அப்புறம் நான் அதுங்கூட டூ" என்றாள். சுனாமியில் யாரைப் பறிகொடுத்தாள் என்று நான் கேட்கவில்லை.

ஒரு உப்புக் குவியல் ஓரமாக உட்கார்ந்தோம். கல் உப்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, எனக்கும் ஒன்று கொடுத்தாள். "இது எங்க அம்மா வாரினது. மழைக்குக் கரையாம இன்னும் கீத்து போட்டு மூடல." பாத்தியில் மேகம் நகர்ந்துகொண்டே இருந்தது. பார்த்துக்கொண்டிருந்தால் நாங்கள்தான் எங்கோ மிதந்து போகிறோம் என்று தோன்றும். அந்த மயக்கத்தில்தான் திருப்பூர் விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

மன்றாட்டு வாயை மூடியதை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"எப்ப போவணும்?"

"மல்லாட்டை போச்சுன்னா, தீபாவளிக்கு முன்னாடியே."

"உனக்கு இன்னா ஆவணும்?"

"பத்திரிகைல எழுதணும்."

"அதுக்கு எதுக்குடி பனியன் கம்பெனி?" என்று நிஜமாகவே கோபப்பட்டாள். திரும்பி வரும்போது நடுவில் இடம் விடவும் மறந்து, என் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள்.

திங்கட்கிழமை மாதா விண்ணேற்புத் திருநாள். கடைசிப் பூசை. மன்றாட்டு நேரம் வந்ததும் எல்லோரும் சிரிக்கத் தயாராக அவளைப் பார்த்தோம். அவள் எழுந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆண்டவரே, மழை குடுங்க. ரோட்டுக்கு மேக்கால குடுங்க. எல்லை பாத்துப் பேய முடியலன்னா பரவாயில்ல, எங்க பக்கமும் பேஞ்சிட்டுப் போவட்டும். என் ஃபிரெண்டு படிக்கணும். உம்மை மன்றாடுகிறோம்."

உப்பளத்துப் பிள்ளைகள் திரும்பி அவளையே பார்த்தார்கள். ஒருத்தி முதலில் சொன்னாள், அப்புறம் எல்லோரும் சொன்னார்கள், கேட்டருளும் என்று. யாருக்காகக் கேட்டாளோ, அந்த எனக்கு மட்டும் வாய் வரவில்லை. மூடாமல் கிடக்கிற அந்தக் குவியலை நேற்றுத்தான் பார்த்திருந்தேன்.

வெளியே கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். மிட்டாயைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு அவள் சண்டைக்கு வந்தாள். "நீ மட்டும் ஏன்டி சொல்லல? உனக்குத்தான கேட்டேன்?"

"உங்க உப்பு?"

"உப்பு திரும்ப வெளையும்டி. ப்ளஸ் டூ திரும்ப வெளையுமா?"

அந்த வாரமே மழை வந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையை அது மதித்ததாகத் தெரியவில்லை. அப்பா குடையில்லாமல் நிலத்தில் நின்று நனைந்தார். திருப்பூர்ப் பேச்சை அப்புறம் வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

சனிக்கிழமை நான் மரக்காணத்துக்கு பஸ் ஏறினேன். பாத்திகள் கலங்கிய குளமாகக் கிடந்தன. அவள் வீட்டில் எல்லோரும் வரப்பை வெட்டி மழைத் தண்ணீரை வெளியே விட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் முழங்கால் தண்ணீரில் நின்று, குடத்தால் அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தாள். "யாருடி இது?" என்று அவள் அம்மா கேட்க, "ஃபிரெண்டும்மா" என்றாள். மழை கேட்ட கதையைச் சொல்லவில்லை. நானும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு குடத்தை எடுத்து இறங்கினேன்.

வெகுநேரம் கழித்து நிமிர்ந்தாள். முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"மல்லாட்டைக்குப் பத்துச்சாடி?"

"பத்துச்சு, பத்துச்சு" என்று அவசர அவசரமாகச் சொன்னேன். பத்தவில்லை என்று வாய் தவறிச் சொல்லியிருந்தால், அந்தத் தண்ணீரிலேயே நின்றுகொண்டு இன்னொரு மழை கேட்டிருப்பாள், என் தங்கம்.