ஆடு எப்படிப் படகில் ஏறியது?

அன்புள்ள அத்தைக்கு,

தம்பி மகள் வாயாடி எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் உடம்பளவில் நலம். மனதளவில் நான் மட்டும் நலமில்லை. அதற்கு நீங்கள்தான் காரணம் என்பதால் உங்கள் நலத்தைக் கடிதத்தின் கடைசியில் விசாரித்துக்கொள்கிறேன்.

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது அச்சகத்திலிருந்து ஒரு புத்தகம் தைத்துக் கொண்டுவந்து கொடுத்தீர்களே, பச்சை அட்டை போட்டது, நினைவிருக்கிறதா? பைண்டிங் மேசையில் மிஞ்சிய தாள்களை, பதினாறு பக்கம் ஒரு பாரம் என்று மடித்து அடுக்கி நீங்களே தைத்தது. அதில் வரும் கடிகார மெக்கானிக் கதையைப் போல் ஒன்றை இன்றுவரை நான் படித்ததில்லை அத்தை. நின்றுபோன மணிக்கூண்டுக் கடிகாரத்தைச் சரிசெய்ய அவர் ஏறுகிறார், காற்று அடிக்கிறது, ஏணியில் ஒரு படி ஆடுகிறது, படிக்கிற நமக்கு உள்ளங்கை வியர்க்கிறது, பதினாறாம் பக்கத்தின் அடியில் பத்திரமாக இறங்கிவிடுகிறார், அப்பாடா என்று பக்கத்தைத் திருப்பினால் படகு. படகில் ஒரு பெண், நடுவில் ஒரு ஆடு. அந்த ஆடு யாருடையது, எங்கே ஏறியது, எதற்கு வந்தது, ஒரு வார்த்தை கிடையாது. ஆற்றைக் கடந்து எல்லோரும் வீடு போய்ச் சேர்கிறார்கள், அவ்வளவுதான் கதை. நான் திறந்த வாயை மூடாமல் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. இவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்லாமலே விட்டுவிட ஒருவருக்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று அன்றிலிருந்து வியந்துகொண்டிருக்கிறேன். சொல்லாமல் விட்ட இடத்தில்தான் சிறுகதை இருக்கிறது என்று கல்லூரியில் இப்போது பாடம் நடத்துகிறார்கள். எனக்கு அது அந்த ஆட்டின் புண்ணியத்தில் எட்டு வயதிலேயே தெரியும்.

போன வாரம் எங்கள் பேராசிரியர், சின்ன வயதில் உங்களை உலுக்கிய ஒரு சிறுகதையைப் பற்றி எழுதி வாருங்கள் என்றார். விடுவேனா? ஒன்பது பக்கம் எழுதினேன், அதில் இரண்டரைப் பக்கம் ஆட்டுக்கு மட்டும். கடிகாரம் என்பது காலம், ஆடு என்பது காலத்துக்குக் கட்டுப்படாத உயிர் என்று வெளுத்து வாங்கியிருந்தேன். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னார், வாசித்தேன். ஆடு வந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றினார்.

"எந்த ஆடும்மா?"

"படகுல வருமே, அந்த ஆடு சார்."

"அந்தக் கதையில படகே கிடையாதே. மெக்கானிக் கால் வழுக்கி மேலேர்ந்து விழுந்து செத்துப்போவான், அதுதான் கதை. நீ சொல்ற ஆடு வேற கதை, எழுதினவரும் வேற ஆளு."

வகுப்பே சிரித்தது. பின் வரிசையில் ஒருத்தி மெதுவாக "மே" என்றாள். அன்றிலிருந்து கேன்டீனில்கூட எனக்கு அதுதான் பெயர். பேராசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழமைக்குள்ள அந்தப் புத்தகத்தைக் காட்டு. இல்லேன்னா ரெண்டு கதையையும் படிக்காமலே எங்கேர்ந்தோ எடுத்து ஒட்டினதாத்தான் நான் எடுத்துக்கணும்" என்றார். யாரைப் பார்த்து அத்தை, என்னைப் பார்த்து, அந்தக் கதையை நூறு தடவை படித்தவளைப் பார்த்து.

நேற்று வீட்டைத் தலைகீழாகப் புரட்டினேன். பரணிலிருந்து பழைய மின்விசிறி என் தோளில் விழுந்ததுதான் மிச்சம். அப்பாவை மூன்று முறை கைபேசியில் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. உங்களுக்குத்தான் தெரியுமே, செல்போன் கோபுரத்தின் உச்சியில் வேலை. பதறியடித்துக் கீழே இறங்கி வந்து, திரும்பக் கூப்பிட்டு, "என்னாச்சும்மா, யாருக்கு என்ன?" என்றார். "ஒண்ணுமில்லப்பா, பச்சை அட்டைப் புத்தகம் எங்கே?" என்றேன். பிறகு அவர் சொன்னதைக் கடிதத்தில் எழுத முடியாது, உங்கள் தம்பிதானே, நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "சின்ன வயசுல அவர் டவர்ல ஏறப் போனா, திரும்பி வர்ற வரைக்கும் சாப்பிடாம வாசல்லயே நிப்பே. இப்ப நீயே கூப்பிட்டு இறக்கறியா?" என்றாள். அப்படியே, "அந்தப் புத்தகமா, வாஷிங் மெஷின் தடதடங்குதுன்னு அடியில முட்டுக் கொடுத்து வெச்சிருக்கேன்" என்றும் சொன்னாள். இலக்கியத்துக்கு எங்கள் வீட்டில் இருக்கும் மரியாதை அது. மெஷின் ஓடிக்கொண்டிருப்பதைக் கவனிக்காமல் புத்தகத்தை உருவினேன். மெஷின் நடக்க ஆரம்பித்துவிட்டது அத்தை, சமையலறை வாசல் வரை வந்து, குழாயைப் பிடுங்கிக்கொண்டு, வீடெல்லாம் சோப்புத் தண்ணீர். கீழ்வீட்டுக்காரர் துடைப்பத்தோடு மேலே வந்து நின்றார். புத்தகமும் தொப்பலாக நனைந்துவிட்டது.

ஆகவே நீங்கள் கைப்பட எழுதி அனுப்ப வேண்டியது இதுதான்: "இந்தப் புத்தகத்தில் இரண்டு கதைகளின் பாரங்கள் என் கவனக்குறைவால் மாறித் தைக்கப்பட்டுவிட்டன." அச்சக முத்திரை குத்தினால் உத்தமம். இருபத்தைந்து வருடத்தில் அக்கா ஒரு பாரத்தைக்கூட மாற்றி அடுக்கியதில்லை என்று அப்பா போகிற இடமெல்லாம் பீற்றிக்கொள்கிறாரே, அந்தக் கை என் புத்தகத்தில் மட்டும் ஏன் தவற வேண்டும்? உங்கள் தவற்றை இலக்கியம் என்று நம்பிப் பதினொரு வருடம் வளர்ந்திருக்கிறேன். இத்தனை கோபத்திலும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நேற்று ஈரப் பக்கங்களைப் புரட்டி அந்தக் கதையை மறுபடி படித்தேன். உண்மை தெரிந்த பிறகும், படகைப் பார்த்ததும் உடம்பு சிலிர்த்தது. அது ஏன் என்று எனக்கு விளங்கவே இல்லை.

இப்போது உங்கள் நலம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாமாவுக்கு என் வணக்கம். சுருட்டை விட்டுவிட்டேன் என்று அவர் சொன்னால் நம்பாதீர்கள்.

கோபமும் அன்பும் சரிபாதியாக,
வாயாடி

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் ஜன்னலில் காயவைத்திருந்த புத்தகத்தைப் பார்த்தேன். பதினாறாம் பக்கத்தின் அடியில் ஒரு காகிதத் துண்டு ஈரத்தில் பாதி உரிந்து நிற்கிறது. இத்தனை வருடம் அது ஒட்டிய துண்டு என்றே எனக்குத் தெரியாது, அவ்வளவு நறுவிசாக ஒட்டியிருக்கிறீர்கள். துண்டுக்கு அடியில் மெக்கானிக்கின் கால் வழுக்குகிறது. துண்டின் மேல், அதே அச்செழுத்தில், ஆனால் கொஞ்சம் கூடுதல் கறுப்பாக, எனக்கு மனப்பாடமான அந்த மூன்று வரிகள்: "அவர் ஒவ்வொரு படியாக, பிடியை விடாமல் இறங்கினார். வீட்டில் பிள்ளை சாப்பிடாமல் காத்திருக்கும் என்று அவருக்குத் தெரியும். கரையில் ஒரு படகு நின்றது."

இந்த வரிகள் அந்த இரண்டு எழுத்தாளர்களில் எவரும் எழுதியவை அல்ல. வீட்டுக்குப் போய்ச் சேர்கிற ஒரு பாரம்தான் உங்களுக்குத் தேவைப்பட்டிருக்கிறது, ஆடு அதோடு கூட வந்துவிட்டது.

சான்றிதழ் வேண்டாம். மேலே எழுதியதில் அன்பைத் தவிர எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் படியுங்கள். கட்டுரையின் முகப்பில் 'கதாசிரியர்' என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். உங்கள் பெயரை இனிஷியலோடு போடவா, இல்லாமல் போடவா? வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்.

துண்டைப் பசை தடவி அதே இடத்தில் திரும்ப ஒட்டிவிட்டேன். அப்பா இன்னும் வேலையிலிருந்து வரவில்லை.