சிக்னல் சித்தரும் எலுமிச்சை மாலையும்

தேர்த்திருவிழாவுக்குக்கூட இப்படிக் கூட்டம் கூடியதில்லை. அதியமான்கோட்டை நெடுஞ்சாலை ஓரம், மதலைமுத்துவின் தக்காளிக்கூழ் ஆலை வாசலில் முப்பது லாரி பழம் வெயிலில் வேக, டிரைவர்களும் விவசாயிகளும் அதை மறந்துவிட்டு சிக்னல் சித்தரைப் பார்க்க முண்டியடித்தார்கள். பொம்மிடியில் செல்போன் ரிப்பேர் கடை வைத்து நொடித்துப்போன மனிதர் அவர். இமயமலைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் சித்தராகிவிட்டார். செத்த நெட்வொர்க்கை எழுப்புவாராம்.

எடைமேடை, ஆபீஸ், மொரப்பூர் கொள்முதல் நிலையம் எல்லாவற்றையும் ஒரே நெட்வொர்க்கில் இணைத்தவள், ஆலையின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் எழிலரசி. இலவசமாகக் கிடைக்கும், யார் வேண்டுமானாலும் திறந்து பார்த்துத் திருத்திக்கொள்ளக்கூடிய மென்பொருள்களை வைத்தே அதைக் கட்டினாள். ஒரு வருடம் ஜோராக ஓடியது. ஒருநாள் எலி வயரைக் கடித்து நெட்வொர்க் நின்றது. முதலாளி எலிப்பொறி வாங்கியிருக்கலாம். சித்தரை வாங்கினார்.

அன்றிலிருந்து வெள்ளிதோறும் சித்தர் வந்து, வயர்களெல்லாம் கூடும் ஸ்விட்ச் பெட்டிக்கு எலுமிச்சை மாலை சாத்துவார். உடனே நெட்வொர்க் சாகும். பேய் முரண்டு பிடிக்கிறதாம். ஒரு மணி நேரப் பூசைக்குப் பிறகு பிழைக்கும். பெட்டிக்கு மேல் சிவப்புத் துணி. பெண்கள் கண் படக்கூடாதாம்.

இந்த வெள்ளியும் மாலை ஏறியதும் எடைமேடை நின்றது. சித்தர் ஒரே போடாகப் போட்டார்.

"யார் வேணா தொறக்கலாம்னா, பேயும்தானுங்களே தொறக்கும்? அந்த மென்பொருளை அழிங்க. அதைக் கொண்டாந்த பொண்ணையும் அனுப்புங்க. அப்பத்தான் நெட்வொர்க் எந்திரிக்கும்."

என்ன ஞானம். மதலைமுத்து எழிலரசியைப் பார்த்தார். வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான்.

"அண்ணா, போறன். அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு பாத்துடுங்க," என்று லேப்டாப்பைத் திருப்பினாள். "ஸ்விட்ச்சுல எந்தத் துளைக்கு எப்ப உயிர் வந்துச்சுன்னு இந்த மென்பொருள் குறிச்சு வைக்குது. இருவத்திமூணு, இருவத்திநாலு ரெண்டும் காலித் துளைங்க. இவரு மாலை போடற நிமிசம் மட்டும் ரெண்டுக்கும் உயிர் வருது. ஆறு வெள்ளியும் இப்படித்தான்."

"பேய்க்கு ரெண்டு காலுங்க," என்றார் சித்தர்.

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. எழிலரசிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"தௌபிக் அண்ணா, நீங்க ஆம்பளைதானுங்களே? துணியை எடுங்க," என்றாள் வரிசையில் முதல் லாரிக்காரரிடம்.

சித்தர் குறுக்கே பாய்வதற்குள் தௌபிக் துணியை உருவினார். எலுமிச்சை மாலைக்குள் மஞ்சள் பூசிய ஒரு முழ வயர். ஒரு முனை இருபத்துமூன்றில், மறுமுனை இருபத்துநான்கில்.

"புடுங்குங்க."

பிடுங்கினார். எடைமேடை விழித்துக்கொண்டது.

"மறுபடி சொருகுங்க."

செத்தது. பிடுங்கினார், பிழைத்தது. தௌபிக்குக்குக் குஷி பிறந்துவிட்டது. நாலு முறை கொன்று நாலு முறை எழுப்பினார்.

"ஒரே வயரோட ரெண்டு முனையும் ஒரே பெட்டியில இருந்தா, போற சேதி திரும்பி வந்து சுத்திக்கிட்டே கிடக்கும்," என்றாள் எழிலரசி. "நாலு ரோட்டுல லாரிங்க வெளிய போக வழியில்லாம சுத்துனா மத்த வண்டி எப்படிப் போவும்? அவ்வளவுதான் பேய்."

சித்தர் பொம்மிடி பஸ்ஸைப் பிடிக்க எடுத்த ஓட்டத்தில் ஒரு செருப்பு நின்றுவிட்டது. மதலைமுத்து தலையைச் சொறிந்தபடி, "நீ வேலையைப் பாரும்மா," என்றார். எழிலரசிக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

அதற்குள் ஒரு விவசாயி தௌபிக்கின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாய், எங்க வூட்டு மோட்டாரும் ஓட மாட்டேங்குது. ஒரு தடவ வந்து தொட்டுட்டுப் போங்க."

பின்னால் வரிசை உருவாகத் தொடங்கியது.

தக்காளி பரவாயில்லை, அழுகினால் நாற்றம் அடித்துச் சொல்லிவிடுகிறது. பயன்படுத்தாத மூளை நாற்றமே இல்லாமல் அழுகுகிறது. ஒரு தடவை திறந்து பாருங்கள், ஐயா.