இடம் சொல்லாதவர்

எங்கள் வடக்கு நார்வேக் கரையோரத்தில் ஓர் இனம் உண்டு. பார்வைக்கு மனிதரைப் போலவே இருக்கும். கம்பளிச் சட்டை போடும், காபி குடிக்கும், ஒழுங்காக வரி கட்டும். கப்பலிலிருந்து இறங்கிய வெளியூர்க்காரர் யாராவது, "இங்கே பார்க்க என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டால் முகம் மலர்ந்து அரை மணி நேரம் பேசும். கேட்டவர் நன்றி சொல்லிவிட்டு நடந்து, தெருக்கோடி தாண்டிய பிறகுதான், உருப்படியான இடம் ஒன்றைக்கூட அது சொல்லவில்லை என்று அவருக்கு உறைக்கும். இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர், இடம் சொல்லாதவர்.

என் பக்கத்து வீட்டு ஆஸ்முண்ட் இந்த இனத்தின் திலகம். பள்ளிக்கூடத்தில் தச்சு வேலை சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கோடை முழுவதும் துறைமுகத்துச் சுற்றுலாத் தகவல் கூண்டில் சம்பளம் வாங்காமல் உட்கார்ந்திருக்கிறார். ஊர்மேல் அவ்வளவு பாசமா என்கிறீர்களா? வருகிறவர்களை எந்தப் பக்கம் திருப்பிவிடுவது என்பது அவர் கையில் இருக்கிறதே, அது போதாதா?

படகு அருங்காட்சியகத்துக்கு அனுப்புவார். அங்கே இருப்பது இரண்டு படகு, அதில் ஒன்று ஓட்டை. மரத் தேவாலயத்துக்கு அனுப்புவார், மீன் உலர்த்தும் பரண்களைப் பார்த்து முடிந்தால் முகர்ந்தும் வரச்சொல்வார், குளிர்ந்த கடலில் குளிப்பது எலும்புக்கு எவ்வளவு நல்லது என்று விளக்குவார். மலைப் பேச்சு எடுத்தால் மட்டும் முகம் மாறிவிடும்.

"மேல நடந்து போக நல்ல பாதை இருக்காமே?"

"இருக்கு. உங்க செருப்புக்கு ஆகாது."

"நான் பூட்ஸ் போட்டிருக்கேனே?"

"அதைத்தான் சொல்றேன்."

விஷயம் இதுதான். ஆகஸ்டில் மலைச் சதுப்பில் முல்தெ என்று ஒரு மஞ்சள் பழம் பழுக்கும். காட்டுச் செடி, தோட்டத்துக்கு வராது, ஒரு காம்புக்கு ஒரே பழம். கிறிஸ்துமஸ் இரவில் அது க்ரீமில் கலந்து மேஜைக்கு வரவில்லையென்றால், அந்த வீட்டில் என்னவோ ஆகிவிட்டது என்று ஊரே பேசும். விளையும் இடத்தைக் கட்டிய மனைவியிடம்கூட யாரும் சொல்வதில்லை. "எங்கே பறிச்சே?" என்று கேட்டால் ஆஸ்முண்ட் கையை ஒரு வீசு வீசுவார். அந்த வீச்சில் பாதி நார்வே அடங்கிவிடும். "அந்தப் பக்கம், மேல."

போன ஆகஸ்டில் தனியாக ஏறியவர், சதுப்பில் கால் புதைந்து கணுக்காலை முறித்துக்கொண்டார். கடலிலிருந்து மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. விடியும்வரை அந்த ஈரத்தில் கிடந்தால் ஆள் தேறமாட்டார். கையில் போன் இருந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் இருக்கும் இடம் தானாகத் தெரிந்துவிடும். அழுத்தினாரா? மனைவி போர்கில்டைக் கூப்பிட்டார். மீட்புக் குழுத் தலைவி ஸிக்ருன் ஓடி வந்தாள், நானும் போனேன். போனை மேஜைமேல் வைத்து எல்லோரும் கேட்டோம்.

"கால் போச்சு, போர்கில்ட். எழுந்திரிக்க முடியல."

"ஐயோ! எங்க கிடக்கே?"

"மேலதான்."

"மேலன்னா எங்க?"

"அந்தப் பக்கம்."

போர்கில்ட் அழுதேவிட்டாள். "உசுரு போற நேரத்துல என்னய்யா அந்தப் பக்கம்? இத்தனை வருஷம் உன்கூடக் குடித்தனம் பண்ணியிருக்கேன்!"

"அதனாலதான் யோசிக்கிறேன். உன் தம்பி ஹால்வோர் பக்கத்துல நிக்கிறானா?"

நின்றான். ஸிக்ருன் போனை எடுத்தாள்.

"ஆஸ்முண்ட், நீ சொல்லாட்டியும் பரவாயில்ல. மலை முழுக்கச் சல்லடை போட்டுத் தேடிடலாம். கூடாரத் திடல்ல ஒரு பஸ் நிறைய ஜெர்மன்காரங்க இருக்காங்க. நாங்களும் வர்றோம்னு பூட்ஸ் மாட்டிக்கிட்டு நிக்கிறாங்க. ஆளுக்கொரு மேப் கையில இருக்கு."

மேப் என்றதும் ஆஸ்முண்ட் இறங்கி வந்தார்.

"நாலு பேர் போதும். ஹால்வோர் வேண்டாம்."

"ஸ்ட்ரெச்சரை முன்னால பிடிக்க அவன் ஒருத்தனுக்குத்தான் தெம்பு."

"அப்ப அவன் கண்ணைக் கட்டிக் கூட்டிட்டு வா."

"கண்ணைக் கட்டினா அவன் விழுவான். அவன் விழுந்தா நீயும் விழுவே."

பிறகு, கூட்டத்தை வெளியே போகச் சொல்லிவிட்டு ஸிக்ருனின் காதில் மட்டும் சொன்னார். பனி முழுக்க மூடுவதற்குள் நான்கு பேர் போய் அவரைத் தூக்கி வந்தார்கள். முறிந்த கால் குளிரில் கிடக்க, அவருடைய மேல்சட்டை பழ வாளியைப் போர்த்தியிருந்தது.

எங்கே கிடந்தார் என்று ஸிக்ருனிடம் கேட்டேன். எத்தனையோ உயிரைக் காப்பாற்றியவள், பொய்யே பேசாதவள். மலைப் பக்கம் கையை வீசி, "அதோ, அந்தப் பக்கம்" என்றாள். ஹால்வோர், பனியில் தன் மூக்கே தனக்குத் தெரியவில்லை என்றான். எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, தேவாலயத்து வாசலில் நான்கு கார் நின்றது. என்றும் இல்லாத கூட்டம் என்று பாதிரியார் பூரித்துப்போய் உள்ளே ஓடினார். உள்ளே ஒருவரும் இல்லை. காரை அங்கே நிறுத்திவிட்டு, ஒருவருக்கு ஒருவர் தெரியாமல், ஆஸ்முண்டைத் தூக்கி வந்த அந்த நான்கு பேரும் மலையேறியிருந்தார்கள். மாவுக்கட்டுக் காலை நீட்டியபடி, தேவாலயம் தெரிகிற ஜன்னலோரம் உட்கார்ந்து ஆஸ்முண்ட் அந்த நான்கு காரையும் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கே பாவமாகிவிட்டது.

"பிழைச்சு வந்து என்ன பிரயோசனம்?" என்றார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன விடுமுறைக்கு வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் உங்கள் ஊரில் எங்கெங்கே போகலாம் என்று கேட்டபோது, கோயில், பூங்கா, கூட்டம் நெரியும் கடற்கரை என்று மூச்சுவிடாமல் அடுக்கினீர்களே, நீங்கள் தனியாகப் போய் உட்கார்ந்து வருகிற அந்த ஓர் இடத்தைச் சொன்னீர்களா? இதோ, இப்போதுகூட அது உங்கள் மனசுக்குள் வந்து நிற்கிறது. எது என்று நான் கேட்கப்போவதில்லை. உங்கள் வீட்டில் இருப்பவர்களுக்காவது தெரியுமா?