டொக்டர் வருவார் அக்கா

ஆக்லாந்து முழுக்கத் தேடினாலும் எங்கள் யாழ்ப்பாணத்து அக்காவைப் போல ஒரு நர்ஸ் கிடைக்க மாட்டார். நீங்கள் வாசலிலிருந்து நாற்காலிக்கு நடந்து வருவதற்குள் உங்களுக்கு என்ன நோய் என்று கண்டுபிடித்துவிடுவார். ஆனால் தலைகீழாக நின்றாலும் அது என்ன என்று உங்களிடம் சொல்ல மாட்டார். "டொக்டர் வருவார், சொல்லுவார்" என்பதோடு சரி. அதனால் எங்கள் வகுப்பில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. ஃபிஜிக்காரியும் பிலிப்பைன்ஸ்காரியும்கூட 'டொக்டர் வருவார்' என்றுதான் கூப்பிட்டார்கள். அது யாழ்ப்பாணத்துப் பெயர் என்றே நினைத்திருந்தார்கள்.

வகுப்பு நகரின் வடக்கே, ஆல்பனியில். பல வருடம் வேலை பார்த்த நர்ஸுகள், தாங்களே நோயாளியைப் பரிசோதித்து, நோயைச் சொல்லி, மருந்தும் எழுதிக் கொடுக்கும் குடும்ப நர்ஸ் பிராக்டிஷனராக ஆவதற்கான மேல்படிப்பு. முதல் படி ஒரு போஸ்ட்கிராஜுவேட் சர்ட்டிஃபிகேட். திருச்சியிலிருந்து வந்த நானும், நகரின் மேற்கே ரானுயியில் ஒரு சின்ன கிளினிக்கில் இருந்த அக்காவும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி.

முதல் வாரம் சிறப்புரைக்கு ஒரு டாக்டர் வந்தார். கதவு திறந்ததும் அக்கா எழுந்து நின்றார். நின்றதோடு விட்டாரா? டாக்டர் கையிலிருந்த ஃபைலை வாங்கி, தன் நாற்காலியில் அவரை உட்கார வைத்து, தான் பின்னால் போய் நின்றுகொண்டார். அந்த மனிதர் பத்து நிமிடம் மாணவர்களோடு உட்கார்ந்து, யார் பாடம் எடுக்கப் போகிறார்கள் என்று காத்திருந்தார்.

மனிதர்களைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அக்கா தாராளமாக நோய் சொல்வார். ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்தவர், காபியைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய், ஹாலின் சுவரில் ஒரு கையை வைத்து மறுகை விரலால் தட்டிப் பார்த்தார். நுரையீரலில் நீர் கோத்திருக்கிறதா என்று நாங்கள் முதுகில் தட்டுவோமே, அதே தட்டு.

"பிள்ளை, இதுக்குள்ள தண்ணி நிக்குது. கெதியா ஆளைக் கூப்பிடும்."

என் கணவர் சிரித்தார். அடுத்த வாரம் சுவரைப் பிரித்த ஆள், உள்ளே மரம் அவல் மாதிரி ஊறிக் கிடப்பதைக் காட்டியபோது சிரிப்பு நின்றது. அக்கா சுவரைத் தட்டிய அன்றே என் மகன் காதைப் பிடித்துக்கொண்டு அழுதான். அக்கா கருவியால் காதுக்குள் பார்த்தார். முகத்தில் பதில் பளிச்சென்று எழுதியிருந்தது.

"என்னக்கா?"

"டொக்டரிட்டக் காட்டுங்கோ. அவர் சொல்லுவார்."

சுவருக்குச் சொன்னவர் பிள்ளைக்குச் சொல்லவில்லையே என்று எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது.

இந்த வாய்ப்பூட்டுதான் பரீட்சையில் கழுத்தை அறுத்தது. எங்கள் செய்முறைத் தேர்வில் ஒரு நடிகர் நோயாளியாக உட்கார்ந்திருப்பார். பரிசோதித்து, கடைசியில் நோய் என்ன, மருந்து என்ன என்று அவரிடமே சொல்ல வேண்டும். அக்கா பரிசோதித்த அழகில் நடிகருக்கே தனக்கு உண்மையில் வியாதியோ என்று சந்தேகம் வந்துவிட்டதாம். முடிந்ததும் அக்கா கைகழுவிவிட்டு, "கொஞ்சம் இருங்கள், டாக்டர் இப்போது வருவார்" என்றார். தேர்வு நடத்திய டெப்ரா, எந்த டாக்டர் என்று கேட்டிருக்கிறார். அக்கா கதவைப் பார்த்தாராம்.

ஃபெயில்.

இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. இங்கேதான் விஷயம் சிக்கலானது. ரானுயி கிளினிக்கின் வயதான டாக்டர் ஓய்வு பெறப் போகிறார். அதன்பின் வாரத்தில் மூன்று நாள் அங்கே டாக்டரே இருக்க மாட்டார். அந்த மூன்று நாளுக்கு அக்கா படித்துவிட்டு வருவார் என்று இடத்தைப் பிடித்து வைத்திருந்தார்கள். இதில் கோட்டைவிட்டால் படிப்பும் போச்சு, இடமும் போச்சு. அக்காவை நம்பியிருக்கும் ரானுயிக் கிழவர்கள் பஸ் பிடித்து எங்கோ அலைய வேண்டியதுதான்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் என் வீட்டு சோபாவில் நான் நோயாளியாகப் படுத்தேன். இருமினேன், முனகினேன், ஒருநாள் மயக்கம்கூடப் போட்டேன். எல்லாம் சரியாகப் போகும். கடைசியில் அக்காவின் கழுத்து தானாகக் கதவுப் பக்கம் திரும்பும். கதவு தெரியாமல் ஒரு போர்வையைத் தொங்கவிட்டேன். அக்கா போர்வையைப் பார்த்தார்.

"சொல்லுங்கக்கா! எனக்கு என்ன?"

"உங்களுக்கு... உங்களுக்கு..."

"ஆமா, எனக்குத்தான்!"

"வருதில்லைப் பிள்ளை. நான் வேலைக்குச் சேர்ந்த புதுசில ஒரு அம்மாவுக்கு என்ன வருத்தம், என்ன நோயெண்டு சொல்லிப்போட்டன். சரியாத்தான் சொன்னனான். வார்டு முழுக்கப் பாக்க, 'நீ ஆர் சொல்ல?' எண்டு டொக்டர் கேட்டவர். அண்டைக்கு மூடின வாய்."

நான் மறுபடி இருமினேன், வேறென்ன செய்ய?

தேர்வு நாள் வந்தது. அக்கா உள்ளே. துணைக்குப் போன நான் அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தேன். பாதி நேரம்கூட ஆகவில்லை, கதவைத் திறந்துகொண்டு அக்கா வெளியே வந்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று எழுந்தேன். அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. கதவைச் சாத்தினார். சட்டையை இழுத்துவிட்டார். எப்போதும் பையிலேயே கிடக்கும் ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக் கழுத்தில் போட்டார். ஒரு பெருமூச்சு. பிறகு கதவைத் தட்டி, உள்ளே போனார்.

உள்ளே நடந்ததைப் பிறகு டெப்ராவே சொன்னார். அக்கா வழக்கம்போல டாக்டர் வருவார் என்றிருக்கிறார். டெப்ரா வருத்தத்தோடு பேனாவை எடுத்திருக்கிறார். அதற்குள் அக்கா வெளியே போய்த் தட்டிக்கொண்டு வந்து, "காத்திருந்ததற்கு நன்றி. வர வேண்டிய ஆள் நான்தான்" என்று சொல்லி உட்கார்ந்து, உங்களுக்கு நிமோனியா, இந்த மருந்து, இத்தனை நாள், மூச்சு வாங்கினால் உடனே வரவேண்டும் என்று மடமடவென்று ஒப்பித்துவிட்டாராம். நடுவில் வெளியே போகக்கூடாது என்று விதி எதுவும் இல்லை. தட்டிவிட்டு உள்ளே வந்ததற்கு மரியாதைக்கான மதிப்பெண் வேறு. பாஸ்!

மிச்சப் படிப்பையும் முடித்து, அக்கா இப்போது ரானுயியில் கொடிகட்டிப் பறக்கிறார். இன்றும் வெளியே போய்த் தட்டிவிட்டுத்தான் வந்து நோயைச் சொல்கிறார். அங்குள்ளவர்களுக்குப் பழகிவிட்டது.

போன வருடம் என் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. ஊரில் எத்தனையோ டாக்டர்கள் இருக்க, அக்காவிடம்தான் ஓடினேன். தொட்டுப் பார்த்து ஸ்கேனுக்கு அனுப்பினார். ரிசல்ட் வந்ததும் கூப்பிட்டார். என்னை உட்கார வைத்துவிட்டுத்தான் கம்ப்யூட்டரில் அதைத் திறந்தார். படித்தார்.

"இரும், வாறன்" என்று எழுந்து போய்விட்டார்.

'டொக்டர் வருவாராக்கா?' என்று கிண்டலடிக்க நினைத்தேன். அதற்குள் கதவு சாத்திக்கொண்டது. வெளியே சத்தமே இல்லை. வழக்கத்தைவிட ரொம்ப நேரம். பிறகு டொக், டொக்.

"பயப்பிடாதையும் பிள்ளை. வெறும் நீர்க்கட்டி. ஒண்டுமில்லை."

திரையில் இருந்த ரிசல்ட்டும் அதையேதான் சொன்னது. ஆனால் அக்காவின் கண் இரண்டும் சிவந்து, மூக்கு நுனி ஈரமாக இருந்தது. அவருக்கு என்ன என்று எனக்குப் பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை. டாக்டர் வந்து சொல்லட்டும்.