தெருவுக்கொரு கருப்பைக் கண்காணிப்பாளர்

திமிராமே! யாருக்கு? கினாசிக்கா? விருந்து வீட்டில் சோற்றைப் பாதியாக எடுத்துக்கொண்டாள், தேநீரைச் சர்க்கரை போடாமல் கேட்டாள். அந்தப் பெண் செய்த குற்றம் அவ்வளவுதானே? அதற்குள் ஜாவாத் தீவில் சலத்திகா ஊரின் கீழ்த்தெரு முழுக்கப் பேச்சு: அழகு குலைந்துவிடும் என்று பயந்துதான் அவள் பிள்ளை பெறாமல் இருக்கிறாளாம். இதைக் கிளப்பியவரைத் திட்டித் தீர்க்கலாம் என்றால் மனசு வரவில்லை. கிளப்பியவர் நல்லவர். அதுதான் வில்லங்கம். கெட்டவர்களிடமிருந்து தப்பித்துவிடலாம், நல்லவர்களிடமிருந்து எப்படித் தப்பிப்பது?

இந்த நல்லவர்கள் ஒரு தனி இனம். கருப்பைக் கண்காணிப்பாளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரும் நியமித்ததில்லை, சம்பளமில்லை, ஓய்வு வயதும் இல்லை. ஆனால் எந்த மருமகளுக்குக் கல்யாணமாகி எத்தனை மாதம், எவள் மீன் வாசனைக்கு முகம் சுளித்தாள், எவள் கூடையில் மாங்காய் இருந்தது, எவள் வீட்டுக் கொடியில் எந்தத் துணி எந்த வாரம் காய்ந்தது என்பதெல்லாம் இவர்களுக்கு விரல் நுனியில். உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார்கள். ஒரு சாண் கீழே பார்த்துத்தான் பேசுவார்கள்.

கீழ்த்தெருவுக்கு வாய்த்தவர் இபு வார்சிதி. இபு என்றால் அம்மா. பெரியவர்களை அப்படித்தான் கூப்பிடவேண்டும். வெறுங்கையோடு வந்ததே இல்லை. இலையில் பொதிந்த பலகாரம் ஒரு கையில் இருக்கும். மறு கை நேரே கினாசியின் வயிற்றுக்குப் போகும்.

"என்ன கண்ணு, ஏதாச்சும் விசேஷமா?"

"இன்னும் இல்லைங்க இபு."

"நாலு வருஷமாச்சே! உன் புருஷன் தேவாங்கு மாதிரி சும்மா உக்காந்திருக்கானா?"

கினாசி சிரித்துவைப்பாள். ஐந்து மாதமாக மாதவிலக்கு வராததையும், தாடையில் முளைக்கும் முடியைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பிடுங்குவதையும் பலகாரத்துக்குப் பதிலாகவா கொடுக்க முடியும்?

அவள் ஒரு டாக்டரம்மாவிடம் போனாள். அந்த அம்மா கத்தரிக்காய் நறுக்குவதுபோலத் துண்டு துண்டாக விளங்கவைத்தார்.

"சினைப்பையில முட்டைங்க முதிராம பாதியிலயே நின்னுடுது. படத்துல குட்டிக் குட்டிக் கட்டி மாதிரி தெரியும், பயப்பட வேணாம். பத்துல ஒரு பொண்ணுக்கு இருக்கும். உன் தப்பு ஒண்ணுமில்ல. அடியோட போகாது, ஆனா அடக்கி வச்சுக்கலாம். பிள்ளை பெறவே முடியாதுன்னு எவளாச்சும் சொன்னா நம்பாதே. ஆனா மாசக்கணக்கா விலக்கு வராம விட்டா கருப்பையோட உள்சுவர் தடிச்சுப் பின்னால ஆபத்து. முதல்ல அதைப் பாப்போம். ஆறு மாசம் மாத்திரை, சர்க்கரை வியாதிக்குக் கொடுக்கறதுதான், இதுக்கும் கேக்கும். அதோட நடை, அளவான சோறு, சர்க்கரை வேணாம். நடுவுல நிறுத்தக் கூடாது."

அந்த ஆறு மாதம்தான் கினாசிக்கு வேண்டியிருந்தது. வேறெதுவும் அவள் யாரையும் கேட்கவில்லை.

கண்காணிப்பாளர் விடுவாரா? அலமாரியில் மாத்திரை அட்டையைக் கண்டார்.

"அடிப்பாவி! இது எங்க வீட்டுக்காரர் முழுங்கற சர்க்கரை வியாதி மாத்திரை! இருபத்தெட்டு வயசுப் பொண்ணுக்கா இதைக் கொடுப்பாங்க? தூக்கிப் போடு. உனக்குக் கருப்பை கீழ இறங்கிடுச்சு. பைக்குல குலுங்கிக் குலுங்கிப் போறியே, இறங்காம என்ன செய்யும்? பிடிச்சு விடுறவளை நான் கூட்டியாறேன். ஜாமு கஷாயமும் காய்ச்சித் தாறேன்."

"சரிங்க இபு."

ஜாவாவில் பெரியவர் முகத்துக்கு நேரே 'மாட்டேன்' என்பது, பரிமாறிய இலையைக் காலால் எத்துவதற்குச் சமம். அதனால் 'சரிங்க' என்பார்கள். காதில் விழுந்தது என்று அர்த்தம். ஊருக்கே தெரிந்த இந்தச் சங்கதி, தமக்கு வேண்டாதபோது மட்டும் கண்காணிப்பாளருக்கு மறந்துவிடும். வயிற்றைப் பிடித்துவிட்டதில் கினாசி இரண்டு நாள் நிமிரமுடியாமல் கிடந்தாள். கஷாயத்தைக் கொல்லை வாழை குடித்தது. ஆனால் மாத்திரையை நிறுத்தச் சொன்னதில் மட்டும், ஒருவேளை பெரியவர் சொல்வது சரிதானோ என்று சந்தேகம் வந்து, நிஜமாகவே நிறுத்திவிட்டாள். இரண்டு மாதம் ஒழுங்காக எட்டிப்பார்த்த விலக்கு மறுபடி காணாமல் போயிற்று.

"யாரு நிறுத்தச் சொன்னா?" என்றார் டாக்டரம்மா.

"எதிர்வீட்டு இபு."

"அவங்க எந்தக் காலேஜுல படிச்சாங்களாம்?"

ஆறு மாதம் மறுபடி முதல் நாளிலிருந்து.

இந்த நேரத்தில்தான் இபு கடைசி அஸ்திரத்தை எடுத்தார். பிள்ளையில்லாத வீட்டில் வேறொருத்தி பிள்ளையைக் கொண்டுவந்து வளர்த்தால் சொந்தப் பிள்ளை தானே வந்து சேரும் என்பது அங்கே காலங்காலமாக உள்ள நம்பிக்கை. தூண்டில் பிள்ளை என்பார்கள்.

"புழு வைக்காம மீன் கடிக்குமா கண்ணு? எங்க அக்கா மக பின்சந்துல மூணு பெத்து வச்சிருக்கா. கடைசியைத் தரச் சொல்றேன்."

கினாசிக்கு, வேலை பார்க்கும் பாலர் பள்ளியில் காலை முழுக்க முப்பது பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டு வந்த களைப்பு. என்ன கேட்கிறார் என்பதுகூட முழுசாக மனசில் ஏறவில்லை. "சரிங்க இபு" என்றுவிட்டாள். தப்பு அவளுடையதுதான், இல்லை என்று யார் சொன்னது?

அடுத்த ஞாயிறு, தெருப் பெண்களின் மாதக் கூட்டம் கினாசி வீட்டில். இருபது பேர் பாயில் உட்கார்ந்திருக்க, இபு ஒரு துணிமூட்டையும் இரண்டு வயசுக் குழந்தையுமாக வந்தார். குழந்தையின் பெயர் கெண்டிஸ். அழவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இவங்க அம்மா வரலையா?" என்றாள் கினாசி.

"வந்தா அழுவா. நான்தான் வர வேணாம்னுட்டேன். புடி, நீதானே சரின்னே?"

கினாசி குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். மூட்டையை மறு கையில் எடுத்தாள்.

"இல்லைங்க இபு."

பாயில் ஒரு தேநீர்க் குவளை கவிழ்ந்தது.

"என்னது?"

"மாட்டேங்க இபு. அன்னிக்கே சொல்லியிருக்கணும், மன்னிச்சுக்குங்க. இவ புழு இல்லைங்க. எனக்கு மாசாமாசம் ஒழுங்கா வரணும், இப்போதைக்கு அது போதும். மாத்திரையைத் தினமும் முழுங்கறேன், இனிமே யார் சொன்னாலும் நிறுத்தமாட்டேன். இவளை இவ அம்மாகிட்ட விட்டுட்டு வர்றேன். நீங்க எல்லாரும் பலகாரம் எடுத்துக்குங்க."

கும்பிட்டாள். குனிந்து செருப்பை மாட்டினாள். இருபது பேர் பார்க்க, கெண்டிஸை இடுக்கிக்கொண்டு வாசலைத் தாண்டிப் பின்சந்துப் பக்கம் நடந்தாள்.

"பாத்தீங்களா?" என்றார் இபு வார்சிதி, கண் பனிக்க. "குழந்தை இடுப்புல ஏறினதும் மூஞ்சி எப்படி மலர்ந்துடுச்சு! இனிமே நிச்சயம் கடிக்கும்."

அவரை விடுங்கள், அவர் திருந்தமாட்டார். உங்களிடம்தான் ஒன்று கேட்கவேண்டும். கினாசி வாசலைத் தாண்டியதும் உங்கள் மனசில் முதலில் எழுந்த கேள்வி எது? அந்த ஆறு மாதத்தை முடித்தாளா என்பதா? இல்லை, கடைசியில் அவளுக்குப் பிள்ளை பிறந்ததா என்பதா?