அகலம் பத்தாத பூட்ஸ்

இடது கால் உள்ளே போய்விட்டது. வலது கால் பாதி வழியில் நின்றுகொண்டு, முன்னாலும் போகமாட்டேன் பின்னாலும் வரமாட்டேன் என்றது. துடுப்பு என்று எல்லோரும் கூப்பிடும் அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு குதித்தான். குதித்ததில் அலமாரி மேலிருந்த செம்பு உருண்டு விழுந்தது.

"பூட்ஸ் போடுறீங்களா, வீட்டை இடிக்கிறீங்களா?" உள்ளேயிருந்து மனைவி கேட்டாள்.

"நல்ல தோலு. முதல்ல அப்படித்தான் இருக்கும்."

"கடையில அந்தப் பொண்ணு என்ன சொன்னா?"

அவன் காலை இன்னும் அழுத்தினான். கடைப் பெண் தெளிவாகத்தான் சொல்லியிருந்தாள். அவனை நிற்கவைத்து, இரண்டு பாதங்களையும் அளவுத் தட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, "நீளம் எட்டுதாண்ணே. அகலம்தான் ஜாஸ்தி. இந்த பூட்ஸ்ல ஒரே நீளத்துக்கு மூணு அகலம் வரும். உங்களுக்கு இருக்கறதுலயே பெரிய அகலம் வேணும். இப்ப கைவசம் இல்ல. சொல்லி வச்சா ஒரு வாரத்துல வந்துரும்" என்றாள்.

கூடப் போயிருந்த மச்சினன் விடவில்லை. "அகலம் இல்லன்னா என்ன மாமா, நீளத்துல ஒண்ணு கூட்டி எடுத்துக்கலாம். ஒன்பது எடுங்க. நல்ல தோலு கல்யாணம் மாதிரி. முதல்ல இறுக்கும், போகப்போகத் தளர்ந்துரும்."

மச்சினனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

துடுப்பின் பாதம் செருப்பில்லாமல் வளர்ந்த பாதம். சின்ன வயதிலேயே செங்கல் சுமக்கப் போனதில், விரல்கள் ஒவ்வொன்றும் தனிக்குடித்தனம் போனதுபோல விரிந்து வளர்ந்துவிட்டன. வேலையிடத்தில் அவனுக்கு அந்தப் பெயர் வந்ததே அதனால்தான்.

ஒரு வாரம் காத்திருக்க நேரமில்லை. பழைய பூட்ஸ் வாயைப் பிளந்துவிட்டது. புதிதாக வந்திருக்கும் சேஃப்டி மேனேஜர் கேட்டிலேயே நின்று எல்லோருடைய காலையும் பார்க்கிறார். அதைவிட முக்கியம், பச்சை அட்டை வேலைக்கு இந்த வாரக் கடைசியில் அவர் ஆள் எடுக்கப்போகிறார். காலையில் மற்றவர்கள் ஏறுவதற்கு முன் ஒருவன் கட்டடத்தைச் சுற்றிய சாரம் முழுக்க நடந்து பார்த்து, பலகையும் குழாயை இறுக்கும் கிளாம்பும் சரியாக இருந்தால் ஏணியடியில் பச்சை அட்டை மாட்ட வேண்டும். அந்த ஆள் குழாய் சுமக்க வேண்டியதில்லை. துடுப்பு சாரம் கட்டுகிறவன். குழாய் சுமந்து சுமந்து அவனுடைய வலது தோள் இடது தோளைவிடக் கீழே இறங்கிவிட்டது. ராத்திரி அந்தப் பக்கம் புரண்டு படுக்க முடியாது. அட்டை கிடைக்காவிட்டால் தோள் இன்னும் கொஞ்ச காலம்தான் தாங்கும்.

ஆனால் நொண்டக்கூடாது. நொண்டுகிறவனை மேலே ஏற விடமாட்டார்கள். போன வருடம் ஒரு வெல்டர் முட்டி லேசாக வலிக்கிறது என்று வாயைத் திறந்தார். இன்றுவரை ஸ்டோரில் நட்டு பொறுக்கிக்கொண்டிருக்கிறார்.

முதல் நாள் சாயங்காலம் துடுப்பு வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றியபோது சுண்டுவிரல் தக்காளி மாதிரி இருந்தது. குதிகாலோ லொடலொடவென்று ஆடியதில் தோல் உரிந்திருந்தது.

"முன்னால பிடிக்குது, பின்னால ஆடுது" என்றான்.

"ஆடுதுன்னா முன்னால துணி அடைங்க மாமா" என்றான் மச்சினன்.

துணி அடைத்தார்கள். மறுநாள் குதிகால் ஆடவில்லை. விரல்களுக்குத்தான் மூச்சுவிட இடமில்லை.

"இப்ப முழுசாவே பிடிக்குது."

"அப்ப விரிக்கணும். நனைச்சு, கட்டையை அடிச்சு வச்சா ராவோட ராவா விரிஞ்சுரும்."

"டேய், பேசாம இரு" என்று தம்பியை அதட்டினாள் துடுப்பின் மனைவி. "எல்லாரும் அகலக்கால் வைக்காதேன்னுதான் புத்தி சொல்வாங்க. பொறந்ததே அகலக்காலா இருந்தா அந்த மனுசன் என்ன பண்ணுவாரு? அந்த அகல ஜோடியைக் கடையில சொல்லி வைங்கன்னா கேக்குறீங்களா?"

அவர்கள் கேட்கவில்லை. பூட்ஸை வாளியில் முக்கி, ஆளுக்கொரு கட்டையைச் சீவி உள்ளே அடித்தார்கள். பூட்ஸ் விரிந்துதான் இருந்தது. ஆனால் காலையில் ஈரம் காயவில்லை. மச்சினன் கட்டையைப் பிடுங்கிவிட்டு அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தான். நல்ல தோல் அல்லவா, சூடு பட்டதும் கோபித்துக்கொண்டு சுருங்கியது. கட்டைக்கு விரிந்ததையும் சேர்த்து வட்டியோடு சுருங்கியது. தட்டிப் பார்த்தால் கதவைத் தட்டுகிற சத்தம்.

அதை மாட்டிக்கொண்டுதான் துடுப்பு சாரம் ஏறினான். கீழே மேனேஜர் கைகட்டி நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். நொண்டாமல் நடக்க ஒரே வழிதான் இருந்தது. பாதத்தை முழுசாக, மெதுவாகப் பலகையில் வைக்க வேண்டும். வைத்தபின் வலி அடங்கும்வரை நிற்க வேண்டும். சும்மா நின்றால் சந்தேகம் வரும் என்று குனிந்து பக்கத்துக் கிளாம்பைப் பிடித்துக்கொண்டான். பிடித்தால் காலில் பாரம் குறைந்தது. சும்மா பிடித்திருப்பானேன் என்று ஆட்டியும் பார்த்தான். பிறகு அடுத்த அடி, அடுத்த கிளாம்பு.

அவனைத் தாண்டி, கூட வேலை செய்யும் ஒட்டகம் போனான். துடுப்பைவிட ஒரு முழம் உயரம், ஒரே எட்டில் இரண்டு பலகை தாண்டுகிறவன். அவனுக்கும் பச்சை அட்டைமேல் ஒரு கண்.

"என்னய்யா துடுப்பு, பொண்ணு பாக்க வந்த மாதிரி அடி எடுத்து வைக்கிற?"

"உன் வேலையைப் பாரு."

"பாத்துட்டேன். ஒரு சுத்து முடிச்சுட்டேன். நீ இன்னும் மூலையத் தாண்டல!"

கீழே பார்த்தால் மேனேஜர் கண்ணெடுக்காமல் துடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கால்வலியைக் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்து அவன் கிளாம்பை இன்னும் மும்முரமாக ஆட்டினான். வாரம் முழுக்க இதே கதைதான். அவன் நின்றான், பிடித்தான், ஆட்டினான். அவர் பார்த்தார்.

கடைசி நாள் மத்தியானம் கேட்டுக்கு வெளியே மனைவி நின்றாள். கையில் சாப்பாட்டு டப்பா, கக்கத்தில் ஒரு அட்டைப் பெட்டி.

"என்ன இது?"

"நீங்க கட்டை அடிச்ச மறுநாளே கடைக்குப் போய் நான் சொல்லி வச்சுட்டேன். உங்களையும் என் தம்பியையும் நம்பினா கால் இருக்காது."

நீளம் எட்டு, பெரிய அகலம். கேட்டோரத் திட்டில் உட்கார்ந்து காலை விட்டான். கால் தானாகப் போனது. உள்ளே ஐந்து விரலும் நீட்டிப் படுத்துக்கொண்டன. துடுப்புக்குக் கண் கலங்கிவிட்டது.

"வலிக்குதா?"

"இல்லடி. வலிக்கல. அதான்."

அப்போது ஒட்டகம் வந்தான். அவனுடைய பூட்ஸின் அடி பாதி பெயர்ந்து, நடக்க நடக்கத் தாளம் போட்டது. "அந்தக் கழட்டிப்போட்ட ஜோடியை என்ன பண்ணப்போற? காலையிலயே மேனேஜர் என் காலைப் பாத்து முறைச்சாரு. எனக்குக் குடேன்."

துடுப்பு கொஞ்சம் யோசித்தான். வேலை முடிய இன்னும் அரை நாள் இருக்கிறது. இதைப் போட்டால் இவன் நொண்டாமல் இருக்க முடியாது.

"தாராளமா எடுத்துக்கோ. நல்ல தோலு. முதல்ல இறுக்கும், அப்புறம் தளர்ந்துரும்."

மனைவி அவனை ஒரு மாதிரி பார்த்தாள்.

மத்தியானத்துக்குமேல் துடுப்பு தன் கால் எவ்வளவு திடமாக இருக்கிறது என்று மேனேஜருக்குக் காட்டிவிட்டான். ஏணியில் படி விட்டுப் படி தாவினான். நான்கு பக்கமும் விடுவிடுவென்று சுற்றி வந்தான். ஒரு கிளாம்பைத் தொடவில்லை, ஒரு பலகையில் நிற்கவில்லை. கூட விசில் வேறு. ஒட்டகம் மூலையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து ஒவ்வோர் அடியாக வைத்துக்கொண்டிருந்தான். துடுப்புக்கு அட்டை கைக்கு வந்துவிட்ட மாதிரியே இருந்தது.

சாயங்காலம் எல்லோரையும் கூப்பிட்டு, மேனேஜர் பச்சை அட்டைகளை ஒட்டகத்தின் கையில் கொடுத்தார். ஒட்டகம் நொண்டி நொண்டிப் போய் வாங்கிக்கொண்டான்.

கூட்டம் கலைந்ததும் துடுப்பு நேராக மேனேஜரின் ஜீப் டிரைவரிடம் போனான். "உங்க ஐயாவுக்குக் கண்ணு தெரியாதா தம்பி? நான் இன்னைக்கு எப்படி நடந்தேன், அவன் எப்படி நடந்தான்?"

டிரைவர் கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தினார்.

"நீங்களே கெடுத்துக்கிட்டீங்கண்ணே! 'அந்த ஆளு ஒவ்வொரு பலகையிலயும் நின்னு, ஒவ்வொரு கிளாம்பையும் ஆட்டிப் பாக்குறான், அட்டை அவனுக்குத்தான்'னு வாரம் பூரா உங்களைத்தான் சொல்லிட்டு வந்தாரு. இன்னைக்கு மத்தியானம் பாத்தா நீங்க குதிரை மாதிரி ஓடுறீங்க, ஒட்டகம்தான் நின்னு நின்னு பாத்து நடக்குது!"