ரூபராணியின் வால்முடி

வெள்ளவத்தையில் அந்த ஒழுங்கையைக் கண்டுபிடிக்க விலாசம் தேவையில்லை. காலி வீதியில் பஸ்ஸை விட்டு இறங்கி, எந்தப் பக்கம் சனம் அள்ளுப்பட்டுப் போகிறதோ அந்தப் பக்கம் போனால் போதும். ரயில் பாதைக்கு நாலு வீடு முன்னால், ஒரு அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், அண்மைவரை கார்கள் நின்ற இடத்தில் இப்போது ஒரு யானை நிற்கிறது. செத்த யானை. படமாக.

பெயர் ரூபராணி. ஒரு காலத்தில் பெரிய சர்க்கஸ் நட்சத்திரம். கொட்டாஞ்சேனையில் கூடாரம் அடித்தால் பந்து உதைப்பாள், மணி அடிப்பாள், முக்காலியில் ஏறி நிற்பாள். சர்க்கஸ் படுத்ததும் ஹெந்தளையில் ஒரு வெறும் வளவில் சங்கிலியோடு கட்டிவிட்டார்கள். இரண்டு வருடத்துக்கு முன் அங்கேயே செத்துப்போனாள். உயிரோடு கிடந்தபோது ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு எட்டிப் பார்க்க ஆளில்லை. செத்த பிறகு பாருங்கள், பாலபிஷேகம் என்ன, பட்டு என்ன, ஆண்டுத் திவசம் என்ன!

எல்லாம் கஜானந்த அடிகளின் கைங்கரியம். ரூபராணியின் கடைசி மூச்சு நின்ற அன்று அவள் வால்முடியைத் தன் கையாலேயே எடுத்தவராம். அந்த முடி பதித்த மோதிரத்தைப் போட்டால் கனடா விசா வரும், கல்யாணம் சரிவரும், தீராத வருத்தமும் தீரும். மூன்று மாதமாக நாள்தோறும் மோதிரம் போகிறதே, ஒரு யானை வாலில் எத்தனை முடிதான் இருக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் வரிசையில் இடம் போய்விடும். கொட்டாஞ்சேனையிலிருந்து ஐறீன் அக்காகூட வந்து, செபமாலை பிடிக்கும் கையிலேயே ஒன்றைப் போட்டுக்கொண்டு போனார். வேதம் வேறு என்றாலும் விசா ஒன்றுதானே.

காலி வீதியில் பெண்களுக்கான சலூன் வைத்திருக்கும் சுபோதினிக்கு இந்தக் கூத்தெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, தன் மாமியாரின் விரலில் அந்த மோதிரத்தைக் காணும்வரை.

மாமி சரோஜினிதேவிக்கு இருபது வருடச் சீனி வருத்தம். வலது குதிக்காலில் ஒரு புண். இன்சுலின் ஊசியை நிறுத்தினால் காலை எடுக்க வேண்டி வரும் என்று டொக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். மாமி ஊசியை விட்டு ஒன்பது நாள். புண்ணின் ஓரம் கறுக்கத் தொடங்கியிருந்தது.

"மாமி, வெளிக்கிடுங்கோ, டொக்டரிட்டப் போவம்."

"அடிகள் நாப்பத்தெட்டு நாளைக்கு ஊசி போடக்கூடாது எண்டவர். போட்டா முடிக்குக் கோவம் வருமாம்."

"முடிக்கோ?"

"நக்கலடியாதை பிள்ளை. உனக்கு முடியெண்டா வெட்டிக் கூட்டி எறியிற சாமான்."

சுபோதினிக்குக் கோபம் பாதி, பயம் பாதி. அன்றே போய் வரிசையில் நின்று தனக்கும் ஒரு மோதிரம் வாங்கினாள். பதினைந்து வருடமாக முடியோடு மாரடிக்கிறவள். விரலால் ஒருதரம் உருட்டிப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை பூசைக்கு மாமியோடு அவளும் போனாள். பழைய சர்க்கஸ் விளம்பரத்தின் ஆளுயரப் படம். முன்னங்கால்களை முக்காலியில் வைத்து, பின்பக்கத்தைச் சனத்துக்குக் காட்டி, தலையை மட்டும் திருப்பிப் பார்க்கும் ரூபராணி. இடுப்புக்குக் கீழே தெரியாதபடி மாலைக்கு மேல் மாலை.

அடிகள் செந்தமிழில் தொடங்கினார். "அன்பர்களே, உலகத்தின் பாவம் முழுவதையும் தாய் தன் ஒரு காலில் ஏற்றுக்கொண்டாள். அந்தக் கால் புண்ணாகிப் புழுத்தது. ஆறு மாதம் நொண்டினாள். அந்தப் புண்ணாலேயே சமாதியடைந்தாள்."

கண்ணைத் துடைத்தார். சனமும் மூக்கை உறிஞ்சியது. சுபோதினி எழுந்தாள்.

"அடிகள், ஒரு சின்னச் சந்தேகம். நான் தலைமயிர் வேலை செய்யிறனான். மயிர் கருகினா தெருவுக்கே மணக்கும். யானையின்ர மயிரும் மயிர்தானே? கற்பூரத்தில ஒருக்காப் பிடிச்சுப் பாப்பம்."

சொல்லி முடிக்க முன்னரே தன் மோதிரத்தைக் கழற்றிச் சுடரில் பிடித்தாள். முடி சுருண்டது, உருகியது, ஒரு கறுத்த சொட்டாகத் தட்டில் விழுந்தது. பிளாஸ்ரிக் சொப்பிங் பையை எரித்த நாற்றம்.

"இது மயிரில்லை. நைலோன். கூட்டுற தும்புத்தடியில இருக்கிற நார்."

அடிகள் தட்டைத் தூக்கிச் சனத்துக்குக் காட்டினார். "கண்டீர்களா அன்பர்களே! சாதாரண முடி எரியும். தாயின் முடி உருகுகிறது, அவள் மனம்போல!"

கீழ்த்தளம் அதிர அரோகரா எழுந்தது. ஐறீன் அக்கா தோத்திரம் சொன்னார். வரிசையில் மேலும் பத்துப் பேர் சேர்ந்தார்கள். செருப்போடு மூளையையும் வாசலில் விட்டுவிட்டு வந்தவர்களுக்கு நெருப்பைக் காட்டி என்ன பயன்? மாமி வெட்கத்தில் குனிந்துகொண்டார்.

வென்றவருக்கு வாய் நிற்கவில்லை. "மகளே, தாயைச் சந்தேகித்தாய். உன் கையாலேயே மாலை சூட்டி மன்னிப்புக் கேள்."

ஒரு புது மல்லிகை மாலையைக் கையில் கொடுத்தார்கள். சுபோதினி படத்தருகே போனாள். நேற்றுப் போட்டது, முந்தாநாள் போட்டது, எல்லாம் வாடித் தொங்கின. வாடிய பூவுக்கு மேல் புதுப் பூ வைக்க அவள் கை பழகியதில்லை. பழைய மாலைகளை ஒரேயடியாகத் தூக்கிக் கழற்றினாள்.

"பழசுக்கு மேலயே போடு!" என்று அடிகள் கத்தினார். பிந்திவிட்டது.

வால் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாண் மொட்டைக் கட்டை. நுனியும் இல்லை, முடியும் இல்லை. எந்தக் காலத்திலோ அறுந்து ஆறிய வால். மூலையில் சர்க்கஸ்காரர் அச்சடித்த வருடம்: 1998.

"அது... முடி எடுத்த பிறகு எடுத்த படம்," என்றார் அடிகள்.

"முடி எடுத்தது ரெண்டு வருசத்துக்கு முன்னமெண்டுதானே சொன்னனீங்கள்? இது தொண்ணூற்றெட்டு. அப்பவே வாலைக் காணேல்லை. பிறகு முளைச்சதோ?"

அடிகளின் செந்தமிழ் அந்த இடத்திலேயே கழன்றது. "டேய், லைற்றை நிப்பாட்டுங்கோடா. மாலையில ஒருத்தரையும் கைவைக்க விடாதேங்கோ எண்டு எத்தினைதரம் சொன்னனான்," என்று சீடர்கள் மேல் பாய்ந்தார். பிறகு காவி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்கதவால் ரயில் பாதைப் பக்கம் நடந்தார். நடை கொஞ்ச நேரத்தில் ஓட்டமானது.

சனம் மோதிரங்களைக் கழற்றிக் கற்பூரத்தில் பிடித்தது. கார் நிறுத்துமிடம் முழுக்க பிளாஸ்ரிக் நாற்றம். கண்ணாடி போட்ட ஒரு கனவான் மட்டும் சுபோதினியிடம் இரகசியமாக வந்தார். "அப்ப தங்கச்சி, உண்மையான வால்முடி ஆரிட்ட இருக்கு?"

சுபோதினி மாமியைத் தேடிப் போனாள்.

மாமி கதிரையை விட்டு எழும்பவில்லை. படத்தைப் பார்த்தார், தன் குதிக்காலைப் பார்த்தார்.

"பிள்ளை, அதுக்கும் கால் புண்தானே?"

"ஓம் மாமி."

"தன்ர காலையே ஆத்த ஏலாமல் செத்த சீவன்." மாமி மோதிரத்தைக் கழற்றினார். "ஒரு மருந்து போட ஆளில்லாமல் ஆறு மாசம் நொண்டியிருக்கு. அதை அவன் கதையாச் சொல்ல, நான் கேட்டு அழுதுகொண்டு இருந்திருக்கிறன். ஓட்டோவைப் பிடி."

டொக்டர் வாய் ஓயாமல் ஏசினார். இன்னும் நாலு நாள் பிந்தியிருந்தால் கால் போயிருக்கும் என்றார். கால் தப்பியது. ரூபராணிக்கு அப்படி ஏச ஒரு டொக்டர் வாய்க்கவில்லை.

படத்துக்கு மாலை போடுவதானால் போடுங்கள், ஐயா. போட முன்னர் அந்தப் படத்தை ஒருக்கால் பாருங்கள்.